வெண்கல முதுகு

திரைக்கலை மாமன்றம் எந்தக் கலைஞரையும் முழுமையாகப் பாராட்டியதில்லை. எந்த உறுப்பால் அவர் கலைக்குத் தொண்டாற்றினாரோ, அந்த உறுப்பை மட்டும் வெண்கலத்தில் வார்த்துத் தன் நீண்ட கூடத்தில் பீடமேற்றி வைப்பதே அதன் மரபு. முதன்முறை உள்ளே நுழைபவர் சற்றுத் திடுக்கிடுவார். சோக நாயகி ஒருவரின் இடக்கண் ஒரு பீடத்தில் இமையாமல் இருக்கும். வில்லனாகவே நடித்து மறைந்தவரின் புருவங்கள், கீழே முகம் ஏதுமின்றி நெரிந்து நிற்கும். எல்லாப் படங்களிலும் மகனுக்குக் கையசைத்து விடைகொடுத்த அம்மையாருக்கு வலக்கை. நகைச்சுவை நடிகருக்கு வழுக்கை. ஒருமுறை பார்வையிட வந்த மருத்துவர், போர் முடிந்த களத்தைப் போல இருக்கிறது என்றார். மாமன்றம் அதைப் பாராட்டாகக் கொண்டு, அவரைக் கௌரவ உறுப்பினர் ஆக்கிக்கொண்டது.

இவ்வாண்டு முதுகின் முறை வந்தது.

முதுகுக்கு உரியவர் மூத்த குணச்சித்திர நடிகர். மக்கள் அவரை 'முதுகு ஐயா' என்றே அழைத்தனர். பணி ஓய்வு பெறும்வரை அவர் கேமராவின் முன் நின்றது அடையாள அட்டைக்காக மட்டுமே. எடைக்கல் ஆய்வாளராக வேலை பார்த்தவர். அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்குவார்கள். ஓய்வுபெற்ற மறுமாதம், தெருவில் நடந்த படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போனவர், காட்சிக்காக வைத்திருந்த தராசு ஒருபக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டு பொறுக்கமாட்டாமல் உள்ளே புகுந்து அனைவரையும் கண்டித்தார். இயக்குநர் தராசைப் பார்க்கவில்லை. கண்டித்தவரின் முகத்தைப் பார்த்தார். எவரையும் நம்பாத அந்த முகம் நீதிபதி வேடத்துக்குப் பொருத்தமாகப் பட்டது.

படத்தில் அந்த நீதிபதி தம் உடன்பிறந்த தம்பிக்கே தண்டனை விதித்துவிட்டு, மாலை வெயில் விழும் நீதிமன்றத் தாழ்வாரத்தில் முதுகைக் காட்டியபடி நிற்பார். கறுப்பு அங்கிக்குள் தோள்கள் குலுங்கும். அவ்வளவுதான் காட்சி. ஆனால் நாடே அந்த முதுகைப் பார்த்து அழுதது. அதன்பின் மருத்துவராகவோ மாமனாராகவோ ரயில் நிலைய அதிகாரியாகவோ எந்த வேடம் கொடுத்தாலும், இறுதியில் அவரை ஒருமுறை திரும்பி நிற்கச் சொன்னார்கள். அவரும் நின்று தோள்களைக் குலுக்கினார். முதல் குலுக்கல் போல மற்றவை அமையவில்லை என்பதைக் கண்டுகொண்ட விமர்சகர்கள், அதற்கு முதிர்ச்சி என்று பெயரிட்டார்கள்.

மற்றவை அமையாததற்குக் காரணம் மிக எளியது. முதல் முதுகு அவருடையது அன்று.

படப்பிடிப்பில் ஒளியமைக்க நேரம் பிடிக்கும். அதுவரை நடிகர் நிற்கமாட்டார். அவருடைய உயரமும் நிறமும் உடைய வேறொருவர் அவரிடத்தில் நிற்பார். விளக்குகள் சரியானதும் விலகிக்கொள்வார். இந்நடிகருக்காக அப்படி நின்றவரைத் தளத்தில் 'தூண்' என்று அழைத்தார்கள். அன்று பிற்பகல் ஒளி அமைத்துக்கொண்டிருந்தபோது நடிகர் தளத்தில் இல்லை. நீதிபதி அங்கியுடனும் ஒப்பனையுடனும் தம் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தார். அவரைப் பணிக்காலம் முழுதும் 'கல்லு' என்று கேலிசெய்த மேலதிகாரி, தம்மைக் கண்டு எழுந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மேலதிகாரி எழுந்தும் நின்றார். அந்த இன்பத்தில் நேரம் போனது தெரியவில்லை. தாழ்வாரத்து வெயில் சாயத் தொடங்கியதும் நடுங்கிப்போன உதவி இயக்குநர், மாற்று அங்கியைத் தூணுக்கு மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டார். தொலைவில் கேமராவுக்குப் பின்னிருந்த இயக்குநருக்கு ஆள் மாறியது தெரியாது. நடிகர் மூச்சுவாங்கத் திரும்பி வந்தபோது இயக்குநர் ஓடிவந்து கட்டிக்கொண்டு, முகம் செய்யாததை உங்கள் முதுகு செய்துவிட்டது என்றார். அப்போதே மறுத்திருக்கலாம். மறுத்தால் எங்கே போயிருந்தீர் என்ற கேள்வி வரும். ஆகவே, முதுகைச் சற்று நிமிர்த்திக்கொண்டார்.

இயக்குநரும் உதவி இயக்குநரும் காலமாகிவிட்டனர். நடிகருக்கு மட்டும் அந்த முதுகு மேன்மேலும் கனத்துக்கொண்டே வந்தது. அது படத்தில் மட்டும் இருந்தவரை அவருக்கு ஓரளவு உறக்கம் இருந்தது. வெண்கலத்தில் வார்க்கப்போகிறார்கள், கீழே தம் பெயரைப் பொறிக்கப்போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அதுவும் இல்லை. அதற்குள் உண்மையைச் சொல்லித் தூணின் பெயரை அங்கே ஏற்றிவிட வேண்டும் என்று உறுதிகொண்டார்.

முதலில் செயலாளரிடம் சொன்னார். செயலாளர் அழைப்பிதழ் வரைவுடன் வந்திருந்தார். முற்றுப்புள்ளியே இல்லாத ஒரே வாக்கியத்தால் ஆன அந்த அழைப்பிதழை ஓரமாக வைத்துவிட்டு, அந்த முதுகு தம்முடையது இல்லை என்றார் நடிகர். செயலாளரின் கண்கள் பனித்தன.

"ஐயா, பணிவுக்குன்னு நிகழ்ச்சியில மூணு நிமிஷம் தனியா ஒதுக்கியிருக்கோம். இப்பவே செலவழிச்சிட்டா அங்க வந்து என்ன பேசுவீங்க?"

அடுத்து, அளவெடுக்கச் சிற்பி வந்தார். படத்தின் காட்சியை அச்சிட்டு வைத்துக்கொண்டு, நாடாவை நடிகரின் தோளுக்குத் தோள் இழுத்துப் பார்த்தார். மூன்று முறை இழுத்தும் திருப்தி இல்லை. படத்து முதுகில் வலத்தோள் தாழ்ந்திருந்தது. இந்த முதுகில் இரண்டும் தராசுத் தட்டுகள் போல நேராக இருந்தன. அது வேறு முதுகு என்பதால்தான் என்று நடிகர் ஆவலுடன் விளக்கினார். சிற்பி அதை அப்படியே எழுதி அனுப்ப, மாமன்றத்தின் முதுகுத் துணைக்குழு அவசரமாகக் கூடி, கலைஞரின் முதுகு பராமரிப்பின்றிச் சீர்கெட்டுள்ளது என்று முடிவுசெய்தது. நடிகரை வரவழைத்தார்கள். துணைக்குழுத் தலைவர் அவரை உட்காரச் சொல்லவில்லை. முதுகு பார்வைக்கு வேண்டியிருந்தது.

கலைஞனின் முதுகு மக்கள் சொத்து என்றும், அதன்மேல் சாய்ந்து உட்காரும் உரிமைகூட அவனுக்கு முழுமையாக இல்லை என்றும் அவர் நெடுநேரம் பேசினார். நடிகர் தம்முடைய முதுகைத் தாமே கெடுத்ததற்காக எழுந்து நின்று, அதாவது நின்றபடியே, வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. வருத்தம் உள்ளத்திலிருந்து வந்ததாக உறுப்பினர்கள் ஒருமனதாகக் குறித்துக்கொண்டார்கள். இத்தனை ஆண்டுகளாக உள்ளே கிடந்த வருத்தம் அது. வழிகிடைத்ததும் தவறான வாசலில் வெளியேறிவிட்டது. பின்னர் இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் அனுப்பி, வலத்தோளைத் தாழ்த்தும் பயிற்சி தந்தார்கள். நடிகர் வலக்கையில் மணல்மூட்டையைத் தூக்கியபடி வீட்டுக் கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். பேத்தி, தாத்தா எந்த ஊருக்குப் போகிறார் என்று கேட்டாள்.

கடைசியாக மாமன்றத் தலைவரிடமே போய், அலுவலகத்துக்கு ஓடியது முதல் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார். தலைவர் குறுக்கிடாமல் கேட்டார். அவருக்கு அது பழக்கமில்லாத உழைப்பு.

"இங்க பாருங்க. உங்க முதுகு உங்களுதா இல்லையாங்கறது உங்க சொந்த விஷயம். அதுல மாமன்றம் தலையிடாது. இந்த முதுகை ஆராய்ச்சி பண்ணிப் பட்டம் வாங்கினவங்க இருக்காங்க. அவங்க பட்டத்தையெல்லாம் பிடுங்கச் சொல்றீங்களா? இந்த மாமன்றம் இதுவரைக்கும் ஒரு தப்புகூடப் பண்ணினதில்ல. ஏன்னு கேளுங்க. பண்ணின எதையும் நாங்க திரும்பிப் பார்த்ததில்ல."

நடிகர், அந்தக் காட்சியை ஒருமுறை உற்றுப் பார்த்தாலே புரியும் என்று கெஞ்சினார்.

"நான் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லியே. பார்த்தா நடுநிலை கெட்டுடும்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் மனைவியிடம் சொல்லி, உண்மைக்கு இந்நாட்டில் இடமில்லை என்று அலுத்துக்கொண்டார். தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நம்ப மாட்டாங்கன்னு தெரிஞ்ச எடமாப் பார்த்துத்தான் போய்ப் போய் உண்மையைச் சொல்றீங்க."

கோபித்துக்கொள்ளாமல் இருக்க அவரால் முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, மணல்மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மணல்மூட்டை பலனளிக்காததால் மாமன்றம் மாற்று வழி கண்டது. நடிகரின் முதுகை விட நடிகரின் முதுகைப் போன்ற முதுகு எங்கேனும் கிடைக்குமா என்று துணை நடிகர் சங்கத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். சங்கம் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே ஆளனுப்பியது. செய்தி கேட்ட நடிகர் சிற்பக்கூடத்துக்கு விரைந்தார். கதவைத் திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். சன்னல் வெயிலில், கறுப்பு அங்கியுடன், வலத்தோள் சற்றுத் தாழ, அந்த முதுகு நின்றுகொண்டிருந்தது. தலைமட்டும் நரைத்திருந்தது.

"யாரு? அசையக் கூடாதுன்னு உத்தரவு. யாரா இருந்தாலும் முன்னால வந்து நில்லுங்க."

நடிகர் முன்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்பதற்காக வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். தூணின் முகமோ, திருட்டில் பிடிபட்டவனுடையதைப் போல வெளுத்துவிட்டது.

"சார், அது நான்தான் சார்."

"எது?"

"உங்க சாப்பாடு."

நடிகருக்கு விளங்கவில்லை. தூண் அசையாமலே, உதடு மட்டும் அசைய, சொல்லி முடித்தார். அன்று நடிகரின் சாப்பாட்டுக் கேரியர் ஒப்பனையறையில் கேட்பாரற்று இருந்ததாம். நாலு வாய் சாப்பிட்டு மூடிவிடலாம் என்று திறந்தவர் அடித்தட்டு வரை இறங்கிவிட்டார். கை கழுவுவதற்குள் அங்கியை மாட்டி இழுத்துப்போனார் உதவி இயக்குநர்.

"ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல சார். எனக்கு விக்கல் வந்தா சும்மா வராது, ஆளையே தூக்கிப் போடும். அடக்கி அடக்கிப் பார்த்தேன். கேமரா ஓடுது, என்ன பண்றது?"

"அப்ப அந்த அழுகை?"

"அழுகையா? யாரு அழுதா?"

நடிகர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். மாமன்றத்தின் அறிவிப்பு வந்தபின் அவர் சாய்ந்து உட்கார்ந்தது அதுவே முதன்முறை. முக்காலிக்குச் சாய்மானம் இல்லாமையால் பின்புறச் சுவரில் இடித்துக்கொண்டார்.

"சாப்பாட்டைக் காணோம்னு நீங்க கத்துவீங்கன்னு பார்த்தேன். கத்தவே இல்ல. எவ்ளோ பெரிய மனுஷன், இவர் சோத்தைத் தின்னுட்டோமேன்னு அன்னையிலேருந்து உங்க கண்ணுல படாமத்தான் ஓடிக்கிட்டிருக்கேன்."

கத்தியிருந்தால், சாப்பாட்டு வேளையில் எங்கே போயிருந்தீர் என்று கேட்டிருப்பார்கள். அதனால்தான் பட்டினியோடு இருந்ததாக நடிகர் தலைகுனிந்து சொன்னார். பழைய மேலதிகாரி எழுந்து நின்றதையும் சொன்னார். தூணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அசையாதே என்று உள்ளறையிலிருந்து சிற்பி அதட்டினார்.

பெயர் யாருக்கு வேண்டும் என்றுதான் தூண் முதலில் சொன்னார். சிறிது நேரம் கழித்து, வேண்டும் என்றார். அவருடைய மகள் பழைய படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இதில் நீ எங்கே அப்பா என்று கேட்பாளாம். விளக்கு போடும்வரை இருப்பேன், போட்டதும் போய்விடுவேன் என்று இவர் சொல்ல, ஸ்டூடியோவில் வாட்ச்மேன் வேலை பார்த்திருப்பார் என்று மருமகன் சிரிப்பாராம். அந்தத் தாழ்வாரக் காட்சியை மட்டும் மகளிடம் சொன்னதில்லை. சொன்னால் சாப்பாட்டையும் சொல்ல வேண்டுமே.

"மேடையில சொல்றேன். அத்தனை பேர் முன்னாலயும் சொல்றேன். மகளைக் கூட்டிக்கிட்டு வந்து முன் வரிசையில உட்காரு."

"நெசமாவே சொல்லிடுவீங்களா சார்?"

"சொல்றேன்."

"சாப்பாட்டு விஷயத்தை மட்டும் விட்டுடுங்க."

விழா நாளில் கூடம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் தூண், இஸ்திரி போட்ட சட்டையின் மடிப்புக் கலையாமல், ஒளியமைப்புக்கு நிற்பவரைப் போலவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள், அவளுக்கு அப்பால், எதற்கு வந்தோம் என்று தெரியாத மருமகன். மேடையில் துணி மூடிய வெண்கலம். பணிவுக்குரிய மூன்று நிமிடம் வந்தது. செயலாளர் அச்சிட்ட பணிவுரையை நடிகர் கையில் கொடுத்தார். நடிகர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஒலிபெருக்கியைப் பிடித்தார். கூட்டத்தைப் பார்த்தார். எத்தனை முகங்கள், எல்லாம் அவரை அன்போடு பார்த்தன. தம் பழைய மேலதிகாரி எழுந்து நின்றது நினைவுக்கு வந்தது.

பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தார். இப்பெருமைக்கு நான் தகுதி உடையவன் அல்லேன் என்று அதில் இருந்தது. கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. திரும்பிப்போய் உட்கார்ந்தவர் முன் வரிசையைப் பார்க்கவில்லை. தூணும் அவரைப் பார்க்கவில்லை. தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, முதுகை ஆராய்ந்து பட்டம் பெற்ற அறிஞர் எழுந்தார். தாழ்வாரக் காட்சியைப் பெரிய திரையில் மெதுவாக ஓடவிட்டு விளக்கினார். முதலில் வலத்தோள் எழுகிறது, இது இழப்பு. அடுத்து இடத்தோள், இது குற்றவுணர்வு. இறுதியாகக் கழுத்தில் ஒரு வெட்டு, இது தன்னைத் தானே மன்னித்தல். ஆக, மானுடத் துயரத்தின் மூன்று படிகள். கூட்டம் மூச்சடக்கிப் பார்த்தது.

"அப்பா, இது உன் விக்கல்தானே?"

மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் மூச்சடக்கிய கூடத்தில் அது கடைசி வரிசை வரை கேட்டது. மகள் எழுந்து நின்றாள்.

"இது எங்கப்பா. சின்ன வயசுலேருந்து இந்த முதுகுல எத்தனை தடவை தட்டிவிட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

பலர் சிரித்தார்கள். காவலர் இருவர் அவளை நோக்கி நடந்தனர். தலைவர் பெருந்தன்மையாகக் கையுயர்த்தி அவர்களை நிறுத்தி, ஐயாவே சொல்லட்டும் என்று ஒலிபெருக்கியை நடிகரிடம் நீட்டச் சொன்னார். செயலாளர் குனிந்து நடிகரின் காதில் எச்சரித்தார்.

"ஐயா, பார்த்துச் சொல்லுங்க. பணிவு நேரம் முடிஞ்சிடுச்சு. இப்ப சொன்னா அது தகவலாயிடும்."

இத்தனை அறைகளில் அவர் சொன்ன அதே சொற்கள்தாம். ஆனால் இங்கே நம்பக்கூடியவள் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தட்டைத் துடைத்தபடி நிமிராமல் பேசிய மனைவியின் குரல் காதில் விழுந்தது. அவள் அரங்கில் எங்கோ உட்கார்ந்திருந்தாள். எங்கே என்று தேட அவருக்குத் துணிவில்லை.

"அவங்கப்பாதான். அந்த முதுகு அவரோடது. நான் அன்னைக்கு அங்க இல்ல. நீதிபதி அங்கியை மாட்டிக்கிட்டு என் பழைய ஆபீசுல போய் நின்னுக்கிட்டிருந்தேன்."

எவரும் கைதட்டவில்லை. அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து தூணின் அருகில் நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் மருமகன் எழுந்து தம் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

மாமன்றம் விசாரணைக்குழு அமைத்தது. சிலையை அகற்ற விதியில் இடமில்லை. ஏற்றுவதற்கு மட்டுமே விதி இருந்தது. நடிகரின் பெயரை நீக்கினார்கள். தூணின் பெயரைப் பொறிக்கலாம் என்றால், அவர் அப்படத்தில் நடித்ததற்கு முகம் தெரியும் காட்சி ஒன்றேனும் சான்றாக வேண்டும் என்று துணைக்குழு கேட்டது. முடிவில் பீடத்தில் 'பெயர் அறியப்படாத கலைஞர்' என்று பொறித்தார்கள். சங்கத்தார் தூணை நேரில் அழைத்துப்போய் அவர் பெயரை அவர் வாயாலேயே சொல்லவைத்தார்கள். செயலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பெயர் இருப்பதை மாமன்றம் மறுக்கவில்லை. அது அறியப்படவில்லை என்பதே தீர்மானம் என்று விளக்கினார். விக்கலைக் கேட்ட அறிஞர் தம் ஆய்வில் நான்காம் படி ஒன்றைச் சேர்த்து, மேற்பட்டம் பெற்றார்.

நடிகரை அதன்பின் எவரும் நடிக்க அழைக்கவில்லை. வாரத்தில் ஒருநாள் பகலில் அவர் கேரியரைத் தூக்கிக்கொண்டு மாமன்றக் கூடத்துக்குப் போவார். தூண் அங்கே காத்திருப்பார். முதல்முறை வேண்டாம் வேண்டாம் என்று மறுத்தவர், சாப்பிட்டால்தான் கணக்குத் தீரும் என்று நடிகர் கெஞ்சியபின் கைவைத்தார். கணக்கு இன்னும் தீரவில்லை. முதுகுச் சிலையின் பின்னால், முன்னால் என்றும் சொல்லலாம், இருவரும் தரையில் உட்கார்ந்து கொள்வார்கள். நடிகரின் மனைவி இரண்டு பேருக்குத்தான் கட்டிக்கொடுப்பாள். நடிகர் தமக்குப் பசியில்லை என்பார்.

ஒருநாள் அறிஞர் மாணவர்கள் சிலருடன் வந்துவிட்டார். இங்கே உண்ணக் கூடாது என்று காவலர் ஓடிவந்து விரட்டினார். தூண் மிச்சத்தை அவசர அவசரமாக விழுங்கினார். வலத்தோள் எழுந்தது. அடுத்து இடத்தோள். பிறகு கழுத்தில் ஒரு வெட்டு. மாணவி ஒருத்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அங்க என்ன வேடிக்கை? இங்க பாரும்மா."

அறிஞர் வெண்கலத்தைச் சுட்டிக்காட்டினார். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நடிகர் அந்த முதுகின் மேல் கைவைத்து, மெல்லத் தட்டிவிடத் தொடங்கினார்.

"தண்ணி குடி. மெதுவா."

"நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்று விக்கலுக்கு நடுவே கேட்டார் தூண். கேட்டுவிட்டுக் கேரியரை எட்டிப் பார்த்தார். அடித்தட்டும் காலியாக இருந்தது.